மூச்சு பிடிபட்டால் அசைவு தானாக வரும்: புதிதாகப் பாட வருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எனக்கு அப்போது பதினேழு வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. ஒலிபெருக்கிக்காரர் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். கடைசி வரியில், வானொலியில் கேட்ட பாடகர் மாதிரி ஒரு குழைவு கொடுத்து முடிக்க எனக்கு ஆசை. அந்தக் குழைவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தாடையை ஆட்டினேன். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடை வரைக்கும் வந்தது: "ஏம்மா, இந்தப் பையனுக்குக் குளிர் காய்ச்சலா?"

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயன் வீடுகள் இப்போது இல்லை. பால்மரம் என்கிற ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. நான் டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கும், சில சமயம் அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்களுக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாளே கேட்பது, "மாஸ்டர், வைப்ரேஷன் எப்படிக் கொடுக்கிறது?" என்றுதான். அவர்கள் சொல்வது விப்ராட்டோவை, அதாவது நீளும் ஸ்வரத்தில் குரல் சீராக ஆடும் அந்த அசைவை. நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை: "முதல்ல பாயைப் போட்டுப் படு."

மூச்சு, விப்ராட்டோ என்று இரண்டு பாடமாகத் தெரிகிறது. பாதி வரியில் காற்று தீர்ந்து போவதும், குரலைக் கையால் பிடித்து ஆட்டுவது போல் ஆட்டுவதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். காற்று சீராக வெளியே போகாத குரலில் நல்ல அசைவு பிறக்காது. அதனால் இதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

வேண்டியது அதிகமில்லை. கைப்பேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலி, ஸ்வரம் சரியாக நிற்கிறதா என்று முள்ளால் காட்டும் ஒரு ட்யூனர் செயலி, சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மெட்ரோனோம். ஒரு பாய், தடிமனான ஒரு புத்தகம், முகம் பார்க்கும் கண்ணாடி, பாதி கிளாஸ் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. கடையில் தே ஓ ஐஸை (பால் இல்லாத ஐஸ் தேநீர்) பையில் கட்டி ஸ்ட்ரா போட்டுத் தருவார்களே, அதே ஸ்ட்ரா போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

"வயிற்றிலிருந்து பாடு" என்று சொல்லாத ஆள் இல்லை. வயிற்றில் பாடுவதற்கான காற்று எதுவும் இல்லை. நுரையீரலுக்குக் கீழே, கவிழ்த்த குடை மாதிரி ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்பது அதுதான். அது சுருங்கும்போது குடை தட்டையாகிறது. மேலே நுரையீரலுக்கு இடம் கிடைத்துக் காற்று நுழைகிறது. கீழே இருக்கும் குடலும் மற்றதும் இடமில்லாமல் முன்னால் நகர்கின்றன. வயிறு உப்புவது இதனால்தான். கூடவே விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் கூட்டை அகலமாக்குகின்றன.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்றுதான் போய் வருகிறது. முழுக்க இழுத்து முழுக்க விட்டால் வளர்ந்த ஒருவருக்கு மூன்றிலிருந்து ஐந்து லிட்டர் வரை இருக்கும். ஆக, பாட்டின் ஒரு வரிக்குக் காற்றுப் பஞ்சம் என்பது கிடையாது. வந்த காற்று எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம்.

நுரையீரல் ரப்பர் போன்றது. நன்றாக விரித்துவிட்டால் தானாகவே சுருங்கப் பார்க்கும். அதனால் மூச்சு நிறைந்திருக்கும் முதல் சில வினாடிகளில் காற்று பலமாக வெளியே தள்ளுகிறது. தொண்டையில் இருக்கும் குரல்நாண்கள் சிறியவை, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளம். அந்தத் தள்ளலைத் தாங்க அவை இறுகிக்கொள்கின்றன. கழுத்து நரம்பு புடைப்பது, முகம் சிவப்பது, உச்சத்தில் குரல் கீறுவது எல்லாம் இந்த இறுக்கத்தால்தான். கடைசியில் நிலைமை தலைகீழ். நுரையீரல் சுருங்கி முடித்துவிட்டது, தள்ள எதுவும் இல்லை, குரல் தொங்குகிறது.

ரப்பர் பால் வாளியைக் கட்டிக்கொண்டு மேட்டுக் கொட்டாயிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை. பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வருவார்கள். முழுக்கப் பிடித்தால் வண்டி கவிழும், விட்டுவிட்டால் பால் போகும். சமதரை வந்ததும் மெதுவாக மிதிக்கத் தொடங்குவார்கள். பாடும் மூச்சும் இப்படித்தான். முதல் பாதியில் மூச்சை இழுக்கும் தசைகளே கொஞ்சம் விரிந்தபடி நின்று பிரேக் போடுகின்றன, பின்பாதியில் வயிற்றுத் தசைகள் மிதிக்கின்றன. இத்தாலியப் பாட்டு ஆசிரியர்கள் இதற்கு 'அப்போஜியோ' என்று பெயர் வைத்தார்கள். சாய்ந்து நிற்பது என்று அர்த்தம்.

குரல்நாண்களைப் பாடும்போதே முதலில் பார்த்தவர்களில் ஒருவர் மருத்துவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-ல், பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்துக்கொண்டார். பாட்டு வாத்தியார்களுக்கு அதில் இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

முதல் படி: பாய்

மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வையுங்கள். தொப்புளுக்கு மேல் புத்தகம். வாயை மூடி, மூக்கால் சாதாரணமாக மூச்சு விடுங்கள். புத்தகம் ஏறி இறங்கும். நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். படுத்திருக்கும்போது தோளைத் தூக்குவது கடினம், அதனால் உடம்பு தானாகவே சரியான வழியில் மூச்சு விடுகிறது. தூங்கும் குழந்தையைப் பார்த்தால் தெரியும்.

ஐந்து நிமிடம் போனதும் இரண்டு கைகளையும் கடைசி விலாக்களின் மேல் வையுங்கள், கட்டைவிரல் முதுகுப் பக்கம். மூச்சு உள்ளே போகும்போது கைகள் பக்கவாட்டில் விலக வேண்டும். புத்தகம் மட்டும் ஏறி விலா அசையாமல் இருந்தால் நீங்கள் வயிற்றை வேண்டுமென்றே தள்ளுகிறீர்கள். அதை விடுங்கள்.

மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள். போர் அடிக்கும். பரவாயில்லை.

இரண்டாவது படி: எழுந்து நிற்பது

சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அப்புறம் ஓர் அடி முன்னால் வாருங்கள். அந்த உயரம் அப்படியே இருக்கட்டும். பாதங்கள் தோள் அகலத்துக்கு, முழங்கால் பூட்டாமல். நெஞ்சு நிமிர்ந்திருக்கலாம், விறைக்கக் கூடாது. தரையில் சம்மணம் போட்டுப் பாடுகிறவர்கள் பிட்டத்துக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் முதுகு தானாக நிமிரும். கூன் போட்டு உட்கார்ந்தால் குடைக்கு இறங்க இடமில்லை.

கைப்பேசியைப் பார்த்து வரிகளைப் படித்துப் பாடுகிற பழக்கம் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. தலை குனிந்ததும் தொண்டை மடிகிறது. கைப்பேசியைக் கண்ணுக்கு நேராக எங்காவது நிறுத்தி வையுங்கள்.

மூன்றாவது படி: சத்தமில்லாமல் இழுப்பது

மைக்கில் பாடும்போது "ஹ்ஹா" என்று மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால், வழி குறுகியிருக்கிறது என்று அர்த்தம். மல்லிகைச் சரத்தை முகர்வது போல மூக்கால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். தொண்டை திறந்து, நாக்கின் அடி இறங்கியிருப்பது தெரியும். அதே திறப்போடு வாயாலும் மூக்காலும் சேர்த்து இழுங்கள். பாட்டில் மூக்கால் மட்டும் இழுக்க நேரம் இருக்காது.

முதலில் நான்கு எண்ணிக்கையில் இழுங்கள். பிறகு இரண்டில், பிறகு ஒன்றில். சத்தம் கேட்டால் ஒரு படி பின்னால் போங்கள். முழுக்க நிரப்ப வேண்டாம், முக்கால் பங்கு போதும். தொண்டை வரை நிரப்பிய மூச்சு பிரேக் பிடிக்காத சைக்கிள்.

யோகப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பார்கள். 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடும் கணக்கு நம் யோக மரபில் உண்டு. அது வேறு வேலைக்கு. பாட்டில் இழுத்த மூச்சைத் தொண்டையில் அடைத்து நிறுத்துவது கிடையாது. இழுப்பது முடியும் இடத்திலேயே குரல் தொடங்கிவிட வேண்டும்.

நான்காவது படி: ஸ்ஸ்ஸ்

இதுதான் நடு முதுகெலும்பு, இங்கே அவசரப்படாதீர்கள்.

விலாவில் கையை வைத்து நின்று, சத்தமில்லாமல் மூச்சை இழுத்து, பல்லுக்கு நடுவில் "ஸ்ஸ்ஸ்" என்று விடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். முதல் நாள் 10, 12 வினாடி வந்தால் சரி. ஆனால் வினாடியைவிட முக்கியம் சத்தம் ஒரே அளவாக இருப்பது. தொடக்கத்தில் பலமாகவும் கடைசியில் மெலிந்தும் போனால் 30 வினாடி வந்தும் பயனில்லை.

போன ஆண்டு வகுப்புக்கு ஒருவர் சேர்ந்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீள மூங்கில் மாதிரி ஒரு கம்பியில் அரிவாளைக் கட்டி நாள் முழுக்கத் தலைக்கு மேல் தூக்கி வெட்டுகிற உடம்பு, கை கதவு மாதிரி இருக்கும். "ஸ்ஸ்" வைத்தால் ஒன்பது வினாடி. பக்கத்தில் நின்ற பதினொரு வயதுப் பெண் பதினெட்டு வைத்தது. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் கையையே அவர் விலாவில் வைக்கச் சொல்லி மறுபடி செய்ய வைத்தேன். இழுக்கும்போது தோள் காது வரை ஏறியது. "ஸ்" தொடங்கிய இரண்டாவது வினாடியில் விலா மொத்தமாக உள்ளே விழுந்தது. அவ்வளவு பலமும் முதல் இரண்டு வினாடியில் செலவாகிவிட்டது.

"விலாவை விடாதீங்கண்ணே, வயிறு மட்டும் மெல்ல உள்ளே போகட்டும்" என்றேன். நாற்காலியில் உட்கார வைத்து, உட்காரும் பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இப்படிப் பிடித்தால் தோள் ஏறாது. மூன்று வாரத்தில் 22 வினாடிக்கு வந்தார். உங்களுக்கும் தோள் ஏறினால் இதையே செய்யுங்கள்.

தினமும் ஐந்து தடவை, நடுவில் அரை நிமிடம் ஓய்வு. தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். அளவுக்கு மேல் ஆழமாக மூச்சு விட்டால் அப்படித்தான் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. 20 வினாடி சீராக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம். பிழியும்போது தொண்டை இறுகும், அது பாட்டிலும் பழக்கமாகிவிடும்.

ஐந்தாவது படி: ஸ்ட்ரா

கிளாஸில் தண்ணீர், அதில் ஸ்ட்ரா இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு. உதட்டால் ஸ்ட்ராவை மூடிப் பிடித்து "ஊ" என்று குரல் கொடுங்கள். தண்ணீர் ஒரே சீராகக் கொதிப்பது போலக் குமிழி விட வேண்டும். குமிழி திடீரென்று பொங்கி அடங்கினால் காற்று சீராக இல்லை. கண்ணால் பார்க்கக் கிடைக்கும் மூச்சு இது, அதனால்தான் எனக்கு இந்தப் பயிற்சி மேல் தனிப் பிரியம்.

வேறு நன்மையும் இருக்கிறது. வாய்ப்பக்கம் குறுகியிருப்பதால் கொஞ்சம் அழுத்தம் பின்னால் திரும்பி, குரல்நாண்கள் ஒன்றையொன்று பலமாக மோதாமல் அதிர உதவுகிறது. இங்கோ டிட்ஸி என்ற அமெரிக்கக் குரல் ஆய்வாளர் இந்த ஸ்ட்ரா பயிற்சியை உலகம் முழுக்கப் பரப்பினார். ஒரே ஸ்வரத்தில் ஒரு நிமிடம், பிறகு கீழிருந்து மேலே வழுக்கிப் போய் இறங்குவது ஒரு நிமிடம். மேடை ஏறுவதற்கு முன்னும் இதைச் செய்யலாம், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆறாவது படி: ஸ்வரத்தைப் பிடித்து நிற்பது

சுருதியை வையுங்கள். அதன் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை அல்லது ஒன்றரைக் கட்டை, பெண்கள் ஐந்து அல்லது ஐந்தரை. சினிமாப் பாட்டின் உயரத்துக்கு ஆசைப்பட்டு ஒரு கட்டை கூட்டி வைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பேசும் குரலுக்குக் கொஞ்சம் மேலே மத்ய ஸ்தாயி ஸட்ஜம் (நடு 'ச') வசதியாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது "ஆ". தொடங்குவதில் மூன்று வகை உண்டு. காற்று முதலில் போய்க் குரல் பின்னால் வந்தால் "ஹா" என்று கேட்கும். குரல்நாண்களை மூடி, பிறகு வெடித்துத் திறந்தால் இருமலின் தொடக்கம் போல "டக்" என்று கேட்கும். இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தால் சத்தமே இல்லாமல் குரல் தொடங்கும். மூன்றாவதுதான் வேண்டும். வராவிட்டால் "ம்" என்று முனகித் தொடங்கி "ஆ"வுக்குத் திறந்து பழகுங்கள்.

எட்டு வினாடி நில்லுங்கள். ட்யூனரைப் பாருங்கள். அரை ஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்து ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். முள் நடுவிலிருந்து 15, 20 சென்ட் வரை ஆடினால் தொடக்கத்துக்கு நல்லது. தொடக்கத்தில் மேலே ஏறிக் கடைசியில் கீழே சரிந்தால் அது காது கோளாறு இல்லை, பிரேக் கோளாறு. நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

ஆ, ஈ, ஊ, ஏ, ஓ எல்லாவற்றிலும் செய்யுங்கள். அப்புறம் மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவாக, ஸ்வரப் பெயர் சொல்லாமல் 'ஆ' என்றே அகாரமாகப் பாடுங்கள். 12 வினாடி அசையாமல் நிற்கும் வரை விப்ராட்டோ என்ற சொல்லை என் வகுப்பில் யாரும் எடுக்கக் கூடாது.

ஏழாவது படி: வரியில் மூச்சுக்கு இடம் பார்ப்பது

இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. வல்லின மெய்கள் காற்றை அடைத்து வெடிக்கின்றன. மெல்லினம் மூக்கு வழியாகப் போகிறது. இடையினத்தில் காற்று தடையில்லாமல் ஓடுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பாட்டில் நீட்டுவது நெடிலை. க், ட், ப் போன்றவற்றில் காற்றை வீணாக்காமல் தொட்டுவிட்டுப் போக வேண்டும். வரி "ம்", "ன்" என்று முடிந்தால் வாயை முன்கூட்டியே மூடாமல், உயிரைக் கடைசி வரை பிடித்துவிட்டுச் சட்டென்று மூடுங்கள். மைக்கை நெருக்கிப் பிடிக்கிறவர்கள் "ப", "த" சொல்லும்போது ஒலிபெருக்கி "பொத்" என்று அடித்தால் காற்று அதிகம்.

மூச்சுக்கு இடம் பென்சிலால் குறியுங்கள். "மலையோரம் மழைக்காற்று வரும் நேரமே" என்று ஒரு வரி இருந்தால், "மலையோரம்" முடிந்ததும் எடுக்கலாம். "மழை" என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு "காற்று" என்றால் கேட்கிறவருக்கு முதலில் மழை பெய்கிறது, பிறகு காற்று அடிக்கிறது. திருப்புகழ் போன்ற நீளச் சந்தங்களில் இந்தப் பென்சில் குறி இல்லாமல் நான்கூடப் பாடுவதில்லை.

ஒரே மூச்சில் பாடியது போல ஒலிக்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். கரவோக்கே வைத்த எந்தக் கல்யாணத்திலும் ஒருவராவது அதை எடுத்து முகம் நீலமாகி நிற்பார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வரியை வரியோடு ஒட்டலாம், மூச்சுச் சத்தத்தை வெட்டலாம். மண்டபத்தில் முடியாது. நல்ல இடத்தில் எடுத்த மூச்சை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

எட்டாவது படி: விப்ராட்டோ

இப்போதுதான் கேள்விக்கு வருகிறோம்.

விப்ராட்டோ என்பது ஒரு ஸ்வரத்தைச் சுற்றிக் குரல் மேலும் கீழும் சீராக ஆடுவது. 1930-களில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் பாடகர்களின் பதிவுகளை அளந்து பார்த்தார். தேர்ந்த பாடகர்களின் ஆட்டம் வினாடிக்கு ஆறு, ஏழு தடவைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று காதுக்கு இதமானது என்று சொல்வது ஐந்திலிருந்து ஏழுக்குள். அகலம், மேலும் கீழும் சேர்த்து ஏறக்குறைய அரை ஸ்வரம். வேடிக்கை என்னவென்றால் காதுக்கு அது அவ்வளவு அகலமாகத் தெரிவதில்லை. ஒரே ஸ்வரம், கொஞ்சம் உயிரோடு இருப்பதாக மட்டும் கேட்கிறது. ஏழெட்டைத் தாண்டி வேகமானால் ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும். நான்குக்குக் கீழே இறங்கி அகலமானால் குரல் தள்ளாடும். பாட்டிக்குக் குளிர் காய்ச்சலாகத் தெரிந்தது முதல் வகை.

இதைச் செய்வது தாடையும் இல்லை, வயிறும் இல்லை. குரல்நாணை இழுத்து நீட்டும் தசை ஒன்று, அதைத் தடிமனாக்கிச் சுருக்கும் தசை ஒன்று. இரண்டும் சமமாக இழுத்துக்கொண்டு, சுற்றியிருப்பதெல்லாம் தளர்ந்து, காற்று ஒரே சீராக வரும்போது அந்தச் சமநிலையில் ஒரு நடுக்கம் தானாக எழுகிறது. கழுத்து இறுகியிருந்தால் எழாது. காற்று குதித்துக் குதித்து வந்தால் சீராக இருக்காது. முதல் ஏழு படியும் எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

தொடங்கும் முறை இது. வசதியான ஸ்வரத்தில் "ஆ" என்று எட்டு வினாடி ஆடாமல் நில்லுங்கள். எட்டாவது வினாடியில் சத்தத்தை ஒரு துளி குறைத்து, தாடை தானாகத் தொங்கும்படி விட்டு, இன்னும் நான்கு வினாடி தொடருங்கள். ஆட்ட முயலாதீர்கள். விலா மட்டும் விழாமல் இருக்கட்டும். சிலருக்கு முதல் வாரத்திலேயே கடைசி நொடியில் லேசாக ஓர் அலை வரும். வந்தால் அதைத் துரத்தாதீர்கள், மறுநாள் மறுபடி வரட்டும்.

வராதவர்களுக்கு இரண்டாவது வழி. மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். மாயாமாளவகௌளையின் ஸட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவில் அரை ஸ்வரம்தான். ஒரு தட்டுக்கு ஒரு சுற்று, ச-ரி. நன்றாக வந்ததும் தட்டுக்கு இரண்டு சுற்று, ச-ரி-ச-ரி. பிறகு மூன்று. பிறகு நான்கு. ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு மூன்று நாள் இருங்கள். நான்கு சுற்றில் தனித்தனி ஸ்வரமாகச் சொல்ல முடியாமல் இரண்டும் கலந்து வழுக்கும். அங்கே எண்ணுவதை நிறுத்திவிட்டு விட்டுவிடுங்கள். ஐந்தாவது வேகத்தை உடம்பே எடுத்துக்கொள்ளும். ஒன்று கவனம்: இந்தப் பயிற்சி ஸ்வரத்துக்கு மேலே மட்டும் போகிறது. விப்ராட்டோவாக மாறும்போது அது ஸ்வரத்தின் இரு பக்கமும் சமமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் சுருதி ஏறினது போல் கேட்கும். ட்யூனர் முள் நடுவைத் தாண்டி இரண்டு பக்கமும் போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக ஒன்றைப் பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். நெஞ்செலும்புக்குக் கீழே கை வைத்து, ஒரே மூச்சில் "ஹா-ஹா-ஹா-ஹா" என்று வயிற்றால் தட்டி, அதை வேகமாக்குவது. இறுகிப்போன ஆளுக்கு இது ஒரு விடுதலை தரும், மறுக்கவில்லை. ஆனால் இதில் ஆடுவது ஸ்வரம் இல்லை, சத்தத்தின் அளவு. இரண்டு வாரத்துக்கு மேல் செய்தால் பழக்கமாகி, பிறகு நிறுத்தவே முடியாமல் போய்விடும். அப்படி வந்த ஒருவரைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

சோதனை எளிது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு விரலை மோவாயில் வையுங்கள். குரல் ஆடும்போது மோவாய் ஆடினால் அது போலி. நாக்கின் நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி அசையாமல் இருக்க வேண்டும். இன்னொரு சோதனை: நினைத்தபோது நிறுத்த முடிகிறதா? ஆடாமல் நான்கு, ஆடி நான்கு, ஆடாமல் நான்கு. முடிந்தால் அது உங்கள் கையில் இருக்கிறது.

எவ்வளவு நாள் என்று கேட்டால், ஆறு வாரத்தில் வந்தவரும் உண்டு, ஒரு வருடம் ஆனவரும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களிடம் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான ஆட்டம் இருக்கிறது.

கமகம் வேறு, இது வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். கமகம் ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு வரும் வழி. எங்கிருந்து எங்கே, எந்த வேகத்தில் என்பதை ராகம் தீர்மானிக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் அசைகிறது. அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடியே இல்லை. விப்ராட்டோ எந்த ராகத்தையும் கேட்காது, எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி ஆட்டும்.

கர்நாடக முறையில் ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க வேண்டிய ஸ்வரங்கள். அவற்றில் விப்ராட்டோ போட்டால் தூண் ஆடுவது போல இருக்கும். பண்முறையில் தேவாரம் பாடும்போதும் அப்படித்தான். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நான் எட்டாவது படியை மூடியே வைக்கிறேன், ஆறாவது படியோடு போய் நன்றாகப் பாடிவிட்டு வருகிறார்கள். மெல்லிசை, சினிமாப் பாட்டு, வரி முடிவில் நீளும் நெடில், அங்கேதான் விப்ராட்டோவுக்கு வீடு. அங்கும் முதலில் நேராகப் பிடித்து, கடைசியில் மட்டும் ஆட விடுங்கள். முதல் எழுத்திலிருந்தே ஆடினால் வார்த்தை காதில் விழாது.

தினசரிக் கணக்கும் சில எச்சரிக்கையும்

முழு நாளுக்கு 20 நிமிடம் போதும். பாயில் மூன்று நிமிடம், "ஸ்ஸ்" ஐந்து தடவை, ஸ்ட்ரா இரண்டு நிமிடம், ஸ்வரம் ஏழெட்டு நிமிடம், மீதி ஒரு பாட்டின் இரண்டு வரி. எழுந்ததும் வேண்டாம், காலையில் குரல் தடித்துக் கீழே கிடக்கும். பால் வெட்டப் போகிற நேரத்தில் எழுந்து பழகிய வீடுகளில் ஐந்து மணிக்கே சாதகம் செய்யச் சொல்வார்கள். எழுந்து ஒரு மணி நேரமாவது பேசிப் புழங்கிய பிறகு செய்யுங்கள்.

தேன், இஞ்சி, கற்கண்டு, மிளகு என்று ஒவ்வொரு அத்தையும் ஒவ்வொரு மருந்து வைத்திருப்பார். விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, அது போகும் குழாயே வேறு. தொட்டால் உங்களுக்குப் புரைஏறும். தண்ணீரும் உடம்புக்குள் போய்ச் சுற்றித்தான் அங்கே ஈரம் கொடுக்கிறது, அதனால் மேடை ஏறும் நேரத்தில் குடிப்பதைவிட காலையிலிருந்தே குடித்து வாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் காரமான மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டுப் படுக்கிறவர்கள் காலையில் கரகரப்பு என்று வந்து நிற்பார்கள். வயிற்று அமிலம் மேலே ஏறுவதும் குரலைக் கெடுக்கும்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அன்று ஜன்னலை மூடிவிட்டு, ஆழமான மூச்சுப் பயிற்சியை விட்டு, ஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடும்போது வலித்தால் அன்றைக்குப் பாட்டு முடிந்தது. கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், அத்தையை இல்லை.

வாரம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே சுருதியில், ஒரே ஸ்வரத்தையும் ஒரே வரியையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது தேதியைச் சொல்லிவிடுங்கள். குலை வெட்டும் அண்ணன் தன் பதிவுகளை லாரிக்குள் உட்கார்ந்து செய்கிறார், அங்கேதான் அமைதி என்கிறார். முதல் பதிவில் ஒன்பதாவது வினாடியில் குரல் அறுந்து, "சே" என்று கேட்கிறது. பதினான்காவது வாரத்துப் பதிவில் வரி முடிந்து, கடைசி "ஆ" கொஞ்ச நேரம் நேராக நின்று, பிறகு மெல்ல ஆடுகிறது. தான் ஆடியதே அவருக்குத் தெரியவில்லை. நான் திருப்பிப் போட்டுக் காட்டிய பிறகுதான், "இது நானா மாஸ்டர்?" என்று கேட்டார்.